செவ்வாய்க்கிழமைக் கண்ணீர்

அரசு மருத்துவமனையின் பின்பக்கம், மனநலப் பிரிவுக்கு முன்னால் கிடக்கும் இரும்பு பெஞ்சுகளில் அவளை எல்லோரும் 'தொடரும் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். காரணம் இல்லாமல் இல்லை. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை தம்பிக்கு மாத்திரை வாங்க வருவாள். உட்கார்ந்ததும் தம்பியின் கதையைத் தொடங்குவாள். அவன் இருட்டறையில் சுவரைப் பார்த்தபடி ஏதோ சொல்ல வாயெடுக்கும் இடத்தில், சொல்லிவைத்தாற்போல் அவளுடைய டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து, "மிச்சத்தை அடுத்த மாசம் சொல்றேன்" என்று உள்ளே போய்விடுவாள். பெஞ்சில் இருக்கும் பெண்கள் ஒரு மாதம் தவித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டொருவர் தாங்கள் வருகிற வாரத்தையே அதற்காக மாற்றிக்கொண்டதாகப் பேச்சு.

கேட்பவர்களுக்கு நெஞ்சு பதறும். பாவம், அந்தத் தம்பி வாய் திறந்து ஒரு வார்த்தை பேசிப் பல மாதங்கள் ஆகின்றன. ஜன்னல் திறந்தால் முகத்தை மூடிக்கொள்கிறான். தட்டில் வைத்த சோறு வைத்தபடி இருக்கிறது. பெற்றவள் இருந்தால் இப்படி விடுவாளா என்று அக்கா கைக்குட்டையை எடுக்கும்போது, பக்கத்தில் இருக்கும் பெண்களும் எடுத்துவிடுவார்கள்.

அதே நேரத்தில் அந்தத் தம்பி, நகரத்தின் பெரிய பேருந்து நிலையத்தில், ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து மைக்கில் பேசிக்கொண்டிருப்பான்.

பேச்சுதான் அவனுக்குச் சோறு போட்டது. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எப்போது புறப்படும், எது தாமதம், யாருடைய பை கிடக்கிறது என்று காலையிலிருந்து மாலை வரை அறிவிப்பான். கட்டைக் குரலும் இல்லை, கீச்சுக் குரலும் இல்லை. இப்போதுதான் வெந்நீரில் குளித்துவிட்டு வந்தது போன்ற ஒரு குரல். எதையும் இரண்டு தடவை சொல்வான். இரண்டாவது தடவை கொஞ்சம் மெதுவாக வரும். அது மூட்டையும் குழந்தையுமாக ஓடி வருகிறவர்களுக்கு.

இளவயதில் அவனுக்கு நோய் வந்தபோது வானொலியில்தான் தொடங்கியது. செய்தி வாசிக்கிறவர் தன்னைப் பற்றித்தான் வாசிக்கிறார் என்றான். தன் வீட்டு வானொலியை அணைத்தால் பக்கத்து வீட்டு வானொலி பேசியது. அதையும் அணைக்கப் போனபோது ஊர் கூடிவிட்டது. அக்காதான் கையைப் பிடித்து இந்த மருத்துவமனைக்கு அழைத்து வந்தாள். மாத்திரை சாப்பிடச் சாப்பிட, அந்தக் குரல்கள் எல்லாம் ஒவ்வொன்றாக விடைபெற்றுப் போயின. வானொலி தன்னைப் பற்றிப் பேசுகிறது என்று நடுங்கியவனுக்கு ஒலிபெருக்கியில் பேசும் வேலை கிடைத்தது. விதிக்கும் குசும்பு உண்டு.

நடுவில் ஒரே ஒரு தடவை, 'எனக்குத்தான் சரியாயிடுச்சே' என்று அவனாகவே மாத்திரையை நிறுத்திப் பார்த்தான். அந்த மழைக்காலத்தைப் பற்றி அந்த வீட்டில் இன்றைக்கும் யாரும் பேசுவதில்லை. அன்றிலிருந்து அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே சட்டம்தான். டாக்டர் எழுதியதைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

மருத்துவமனைக்கு வேறொரு சட்டம் இருந்தது. நோயாளி மாதாமாதம் நேரில் வரவேண்டும். வர முடியாத நிலையில் இருந்தால், கூட இருப்பவர் வந்து நிலைமையைச் சொல்லி மாத்திரை வாங்கிக்கொள்ளலாம். அதாவது, நோய் முற்றியவன் வீட்டில் படுத்துக்கொள்ளலாம். குணமாகி வேலைக்குப் போகிறவன் வேலையை விட்டுவிட்டு வந்து பெஞ்சில் உட்காரவேண்டும்.

தம்பி எப்படி உட்காருவான்? செவ்வாய்க்கிழமை விடுப்புக் கேட்டால் மருத்துவமனைச் சீட்டைக் காட்டச் சொல்வார்கள். சீட்டின் தலையிலேயே எந்தப் பிரிவு என்று போட்டிருக்கும். இதற்கு முன் செருப்புக் கடையில் வேலை பார்த்தபோது, குனிந்து ஒருவருக்குச் செருப்பு மாட்டிவிட்டபோது அந்தச் சீட்டு சட்டைப் பையிலிருந்து நழுவி விழுந்தது. முதலாளி அதை எடுத்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் வரவேண்டாம் என்று அதைவிட மரியாதையாகச் சொன்னார். பேருந்து நிலையத்தில் யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது.

ஆகவே தம்பியின் வேலை நிலைக்கவேண்டும் என்பதற்காக, அக்கா அவனைக் குணமாகாதவனாக வைத்துக்கொண்டாள்.

வீட்டில் அவள் திரைச்சீலை தைப்பவள். அலுவலகங்களுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் கெட்டித் துணியில் தைப்பாள். வெட்டில் மிஞ்சிய துண்டில்தான் அவளுடைய கைக்குட்டைகள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஒரு சொட்டு ஈரத்தை உறிஞ்சாது. கண்ணைத் துடைத்தால் கண்ணீர் கன்னமெல்லாம் பரவும். அதைப் பார்க்கிறவர்களுக்கு, எவ்வளவு அழுகிறாள் பாவம் என்று தோன்றும்.

உண்மையைச் சொன்னால் இவ்வளவு கண்ணீர் தேவைப்படவே இல்லை. அப்போது இருந்த பெரிய டாக்டர் மேசையிலிருந்து தலை தூக்கமாட்டார்.

"எப்படி இருக்கான்?"

"அப்படியேதான் இருக்கான் சார்."

"அதே மாத்திரை."

இவ்வளவுதான். தயார் செய்துகொண்டு வந்த இருட்டறையும் சுவரும் சோற்றுத் தட்டும் அவளிடமே தங்கிப்போகும். கொண்டுவந்ததை வீணாக்க மனமில்லாமல்தான் பெஞ்சில் பரிமாற ஆரம்பித்தாள். பல வருஷங்கள் யாருக்கும் ஒரு கேடும் இல்லாமல் அது நடந்தது. டாக்டர் கேட்கவில்லை, தம்பி நன்றாக இருந்தான்.

பிறகு பெரிய டாக்டர் ஓய்வு பெற்றார். அந்த நாற்காலிக்கு ஒரு இளம் பெண் டாக்டர் வந்தார். நல்லவர். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

அக்கா உள்ளே போனதும் அந்த டாக்டர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். அக்காவின் வாழ்க்கையில் அவளுக்காக யாரும் பேனாவை மூடியதில்லை.

"உட்காருங்கம்மா. தம்பி எப்படி இருக்காரு? மெதுவா சொல்லுங்க, அவசரமே இல்ல."

அவசரமே இல்லை என்ற அந்த வார்த்தைதான் கெடுத்தது. அக்கா சொன்னாள். இருட்டறையைச் சொன்னாள், மூடிய ஜன்னலைச் சொன்னாள். சுவரைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று அன்றைக்குத்தான் புதிதாகச் சேர்த்தாள். சேர்த்ததும் அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. வாயைத் திறந்து பேசியே மாசக்கணக்காகிறது டாக்டரம்மா, அக்கான்னு ஒரு தடவை கூப்பிட்டா போதும், நான் கண்ணை மூடிடுவேன் என்று சொல்லி முடித்தபோது டாக்டரின் கண்கள் கலங்கியிருந்தன.

"இத்தனை வருஷமா இதே டோஸா கொடுத்துட்டு இருந்திருக்காங்க? யாருமே கேட்கலையாம்மா?"

"யாரும் கேட்கல டாக்டரம்மா" என்றாள் அக்கா. அது மட்டும் உண்மை.

"நான் மாத்தி எழுதறேன். அடுத்த தடவை எப்படியாவது அவரைக் கூட்டிட்டு வரப் பாருங்க."

பழைய மாத்திரை இரட்டிப்பானது. படுக்கும்போது போட ஒரு புது மாத்திரை சேர்ந்தது. மருந்துக் கவுண்டரில் இருந்தவர், கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, "என்னம்மா, இந்தத் தடவை பை கனமா இருக்கு?" என்றார்.

"தம்பிக்கு ரொம்ப முடியல சார்."

"அடப் பாவமே" என்று ஒரு அட்டை உறையில் பத்திரமாகப் போட்டுக் கொடுத்தார்.

வீட்டில் அக்காவின் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். லிஃப்ட் பழுது பார்ப்பவர். நாளில் பாதியைக் கிணறு போன்ற இடத்தில் தனியாகக் கழிப்பதால் அதிகம் பேசாதவர். பேசினால் சும்மா விடாதவர். பையைப் பிரித்துப் பார்த்தார்.

"நீ அழுததுக்கு அவன் ஏன்டி மாத்திரை சாப்பிடணும்?"

"ஏங்க, பொய் சொன்னது நான். ஆனா எழுதினது டாக்டராச்சே. படிச்சவங்க காரணம் இல்லாமலா எழுதுவாங்க?"

"காரணத்தைச் சொன்னதே நீதானே."

"உங்களுக்கு லிஃப்டைத் தவிர என்ன தெரியும்? அவங்க என் முகத்தைப் பார்த்தே எல்லாத்தையும் புரிஞ்சுக்கிட்டாங்க. உள்ளுக்குள்ள ஏதாவது இருக்கும். நமக்குத் தெரியாதது அவங்களுக்குத் தெரியும்."

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அந்த மழைக்காலம் அவனுக்கு நினைவிருந்தது. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. தண்ணீரை எடுத்து எழுதியபடியே விழுங்கினான்.

சில நாட்களில் பேருந்து நிலையத்தில் விளைவு கேட்க ஆரம்பித்தது. வெந்நீரில் குளித்துவிட்டு வந்த குரல், போர்வைக்குள்ளிருந்து வந்தது. நாக்கு பஞ்சு போல் ஆனது. பிற்பகலில் தலை மைக்கின் மேல் சாயும். மூன்றாம் மேடையில் நின்ற வண்டி அறிவிப்பில் மட்டும் ஐந்தாம் மேடைக்குப் போனது. பந்தயத்துக்குக் கிளம்பிய ஒரு பள்ளிக் கால்பந்து அணி கடற்கரை வண்டியில் ஏறிப் போய்விட்டது. அவர்கள் மட்டும் புகார் கொடுக்கவில்லை.

பேருந்து நிலையத்தின் டைம் கீப்பர் கண்ணாடி அறைக் கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"எந்தக் கடைப்பா?"

"கடையா சார்?"

"நடிக்காதே. நாக்கு குழறுது. கை நடுங்குது. சாயங்காலம் ஆகறதுக்குள்ள கண்ணு சொருகுது. நானும் அந்தப் பக்கம் போய்ட்டு வந்தவன்தான், என்கிட்டயேவா?"

"சார், அதெல்லாம் இல்ல சார்."

"இல்லைன்னு சொல்றதுதான் முதல் அடையாளம். இதோ பாரு, உன் குரலுக்காகத்தான் பொறுத்துக்கறேன். ஏதோ ஒரு மெஷின் வந்திருக்காம். ஒரு தடவை பேசிப் பதிஞ்சு வெச்சுட்டா அதுவே பேசுமாம். அது குடிக்காதுன்னு மேலாளர் சொல்றாரு. அடுத்த மாசம் நேர்ல வந்து கேட்கப்போறாரு. அதுக்குள்ள சரி பண்ணிக்கோ. இல்லைன்னா உன் நாற்காலியில மெஷின் உட்காரும்."

தம்பி வீட்டுக்கு வந்து இதை அக்காவிடம் சொன்னான். சொல்லி முடிக்கவே நேரம் பிடித்தது, நாக்கு அப்படி. "அக்கா, டாக்டர்கிட்ட கொஞ்சம் குறைக்கச் சொல்லு. அவங்க சொன்னா குறைச்சுக்கலாம்" என்றான். அவன் கையில் இருந்த தம்ளர் தானாகவே தட்டோடு மோதிச் சத்தம் போட்டது. அக்கா பார்த்தாள். ஆண்டுக்கணக்காக ஊருக்கெல்லாம் சொல்லிவந்த தம்பி, கடைசியில் வீட்டுக்கு வந்தே விட்டான்.

அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு அவள் காத்திருந்த மாதிரி வாழ்க்கையில் எதற்கும் காத்திருந்ததில்லை. பெஞ்சில் உட்கார்ந்தும் வாய் திறக்கவில்லை. சாவி செய்கிறவரின் மனைவி, மகனுக்காக வருகிறவள், தாங்கமுடியாமல் கேட்டாள்.

"என்னக்கா, சுவரைப் பார்த்துச் சிரிச்சாரே, அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லையா? ஒரு மாசமா எனக்குச் சோறு இறங்கல."

டாக்டர் வரத் தாமதமானது. கடைசியில் காலணியெல்லாம் சேறாக, மூச்சு வாங்க வந்து, "தப்பு பஸ்ல ஏறிட்டேன், சாரி" என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டே உள்ளே போனார். இவ்வளவு படித்தவர்களுக்கு பஸ் பார்த்து ஏறத் தெரியவில்லையே என்று அக்கா மனசுக்குள் அலுத்துக்கொண்டாள்.

முறை வந்ததும் உள்ளே போய், உட்காராமலே சொன்னாள்.

"டாக்டரம்மா, தம்பி நல்லா இருக்கான். மாத்திரையைக் குறைச்சுடுங்க."

டாக்டர் முகம் மலர்ந்தது. "அப்படியா? பேசறாரா?"

"நல்லாப் பேசறான். அக்கான்னு கூப்பிடறான்."

"பார்த்தீங்களா? நான் சொன்னேன்ல? புது டோஸ் வேலை செய்யுது. இப்பப் போய்க் குறைக்கலாமா? இப்படியே ஆறு மாசம் போகட்டும்."

"இல்ல டாக்டரம்மா. அவன் முன்னாடியே நல்லா இருந்தான். நான் சொன்னதெல்லாம் பொய். இருட்டறையும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்க வீட்டுல ஜன்னலுக்குக் கதவே சரியா மூடாது. இந்த மாத்திரையிலதான் இப்ப அவனுக்கு நாக்கு குழறுது."

டாக்டர் பேனாவை மறுபடி மூடி வைத்தார். அக்காவின் கையைப் பிடித்தார்.

"அம்மா, நீங்க ராத்திரி தூங்கறீங்களா?"

"எங்கே டாக்டரம்மா தூக்கம்? இந்தக் கவலையிலேயே..."

"அதான். வருஷக்கணக்கா ஒருத்தரைப் பார்த்துக்கிட்டு இருக்கிறவங்களுக்கு இப்படி ஆகும். ஒரு கட்டத்துல, எல்லாமே பொய்யா இருந்துடக்கூடாதான்னு மனசு ஏங்கும். தப்பே இல்ல. நீங்களும் நம்ம கவனிப்புல இருக்கணும்."

அக்கா அன்றைக்கு அழவில்லை. அழுது சொன்ன பொய்க்கு இரட்டை மாத்திரை கொடுத்த அதே டாக்டர், அழாமல் சொன்ன உண்மைக்கு அவள் பேரில் ஒரு புதுச் சீட்டுப் போட்டுக் கொடுத்தார். தம்பிக்கு அதே டோஸ். கூடவே அக்காவுக்குத் தூக்க மாத்திரை.

வெளியே வந்தவளைப் பெஞ்சு சூழ்ந்துகொண்டது.

"என்னக்கா ஆச்சு?"

"இப்ப நானும் நோயாளி."

சாவி செய்கிறவரின் மனைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "இதை நான் நினைக்கவே இல்லக்கா" என்றாள். குரலில் துக்கத்தோடு ஒரு திருப்தியும் இருந்தது.

வீட்டில் கணவர் இரண்டு உறைகளையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். "ஒருத்தனுக்கு வாங்கப் போய் ரெண்டு பேருக்கு வாங்கிட்டு வந்திருக்கே. அடுத்த தடவை என்னைப் பத்தி எதுவும் சொல்லிடாதே தாயே." பிறகு மைத்துனன் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "லிஃப்ட் நின்னு போச்சுன்னா வெளியே நிக்கறவங்க ஆளுக்கொரு காரணம் சொல்லுவாங்க. உள்ளே இருக்கிறவன் குரல் கொடுத்தாதான் எந்த மாடின்னு எங்களுக்குத் தெரியும். நீயே போ."

"போனா விஷயம் தெரிஞ்சு வேலை போயிடும் மாமா."

"போகலைன்னா?"

தம்பி கொஞ்சம் யோசித்தான். "அப்பவும் போயிடும்" என்றான்.

"அப்ப போய்ட்டே வா."

மறுநாள் அவன் டைம் கீப்பர் முன்னால் போய் நின்றான். சொல்லவேண்டியதை முந்தின இரவு முழுதும் மனப்பாடம் செய்திருந்தான்.

"சார், அடுத்த செவ்வாய்க்கிழமை லீவு வேணும். ஆஸ்பத்திரிக்கு."

"எதுக்கு?"

"மனநலப் பிரிவு சார். எனக்குப் பழைய வியாதி. பல வருஷமா மாத்திரை சாப்பிடறேன், அதனாலதான் நல்லா இருக்கேன். இப்ப அது அளவு கூடிப் போச்சு. அதான் நாக்கு இப்படி. குடியெல்லாம் இல்ல சார்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். செருப்புக் கடை முதலாளியின் மரியாதையான குரல் காதுக்குள் கேட்டது.

தோளில் ஒரு கை விழுந்தது. டைம் கீப்பரின் கண்கள் பளபளத்தன.

"மாத்திரை மயக்கம்னுதான் நானும் எங்க வீட்டுல சொன்னேன்ப்பா. அப்படியே, இதே வார்த்தை. குடியை நிறுத்தறதுக்கும் அந்தப் பிரிவுலதான் பார்க்கறாங்க, எனக்குத் தெரியாதா? வெட்கப்படாதே. போ. விட்டுட்டு வா. மேலாளர் கேட்டா தொண்டை கட்டியிருக்குன்னு சொல்லிக்கறேன்."

"சார், நிஜமாவே..."

"ஒண்ணும் பேசாதே. எனக்குப் புரியுது."

வாழ்க்கையில் முதல்முறையாக ஒளிக்காமல் சொன்ன ரகசியம், சொன்ன இடத்திலேயே பத்திரமாக ஒளிந்துகொண்டது.

செவ்வாய்க்கிழமை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் வந்தபோது பெஞ்சுகளில் எல்லாத் தலைகளும் திரும்பின. அது முதல் செவ்வாய் இல்லைதான், ஆனால் அக்காவின் கதை எல்லா வாரத்துப் பெஞ்சுக்கும் போயிருந்தது; இவ்வளவு நாள் காதால் கேட்டவனைக் கண்ணால் பார்த்தார்கள். இரண்டு பெண்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். "நன்றிங்க" என்றான் தம்பி, பஞ்சு நாக்கால்.

"பேசறாரு" என்று ஒருத்தி மற்றவளின் காதில் சொன்னாள்.

"ஆனா பாரு, அக்கா சொன்ன மாதிரியேதான் இருக்காரு. பாவம்."

உள்ளே டாக்டர் அவனைக் கனிவோடு பார்த்தார். தொங்கும் இமை, நடுங்கும் விரல்கள், குழறும் பேச்சு. இது முன்னேற்றம் என்றால் முன்னால் எப்படி இருந்திருப்பான் என்று எண்ணியது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"நோய் வர்றதுக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க?"

"இப்பவும் பார்க்கறேன் டாக்டர். பஸ் ஸ்டாண்டுல. ஒலிபெருக்கியில கேட்குமே, அது என் குரல்தான். ஊர் முழுக்க என் குரலைக் கேட்டுத்தான் பஸ் ஏறுது."

டாக்டர் பேனாவைத் திறந்தார்.

அக்காவுக்கு உயிரே போயிற்று. ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கத் தன் குரல்தான் கேட்கிறது என்று ஒரு மனநோயாளி சொன்னால், எந்த டாக்டர்தான் மாத்திரையைக் குறைப்பார்? இந்தத் தடவை மூன்று மடங்காகத்தான் எழுதப்போகிறார்கள். "டாக்டரம்மா, அவன் சொல்றது நிஜம்" என்று சொல்ல வாயெடுத்தாள். தன் பேச்சுக்கு இந்த அறையில் என்ன மதிப்பு என்பது நினைவு வந்து மூடிக்கொண்டாள்.

தம்பியும் பேனாவைப் பார்த்தான். "பேசிக் காட்டவா டாக்டர்?" என்றான்.

நிமிர்ந்து உட்கார்ந்தான். எதிரில் மைக் இருப்பதுபோல் கழுத்தைக் கொஞ்சம் நீட்டினான். பஞ்சு நாக்கை ஒவ்வொரு எழுத்தாக ஏற்றி இறக்கி, வியர்வை அரும்ப, சொன்னான்.

"பயணிகளின் கவனத்திற்கு. அரசு மருத்துவமனை வழியாகச் செல்லும் பேருந்து இரண்டாம் மேடையிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது."

பேனா நின்றது.

அவன் மூச்சு வாங்கிக்கொண்டு இரண்டாவது தடவை சொன்னான். கொஞ்சம் மெதுவாக, ஓடி வருகிறவர்களுக்காக.

"நீங்களா?" என்றார் டாக்டர். அந்தக் குரலில் டாக்டர் இல்லை, தினமும் அதே மேடையில் பையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும் ஒரு பெண்தான் இருந்தாள். "அந்தக் குரலைக் கேட்டுத்தான் நான் தினமும் வர்றேன். போன செவ்வாய்க்கிழமை உங்க பேச்சை நம்பித்தான் வேற பஸ்ல ஏறி, எங்கேயோ வயல் நடுவுல இறங்கினேன்."

"மன்னிச்சுக்கோங்க டாக்டர்" என்றான் தம்பி. "அது உங்க மாத்திரை."

டாக்டர் மெதுவாக அக்கா பக்கம் திரும்பினார்.

"நீங்க முதல் தடவை வந்து, இவர் பேசியே மாசக்கணக்காச்சுன்னு அழுதீங்களே. அன்னைக்குக் காலையிலகூட இவர் குரலைக் கேட்டுட்டுத்தான் நான் வந்தேன். ஏம்மா?"

அக்கா சொன்னாள். செருப்புக் கடையைச் சொன்னாள், சீட்டைச் சொன்னாள், நன்றாக இருப்பவன் நேரில் வந்தால்தான் மாத்திரை என்ற சட்டத்தைச் சொன்னாள். எல்லாம் சேர்ந்து நாலைந்து வாக்கியங்களில் முடிந்துவிட்டது. இவ்வளவு சின்னக் கதையா என்று அவளுக்கே இருந்தது.

டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, நல்லா இருக்கிறவங்களுக்கு மூணு மாச மாத்திரை ஒரே தடவையில கொடுத்துடலாம். இங்கே வரவே வேண்டாம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருக்கிற சுகாதார நிலையத்துல, சாயங்காலம் வேலை முடிஞ்சு போய் வாங்கிக்கலாம். பெரிய டாக்டர் இருந்தப்பவே வந்த ஏற்பாடு. நிலையா இருக்காருன்னு எழுதினா போதும்."

"யாரும் சொல்லலையே டாக்டரம்மா."

மருந்துக் கவுண்டரில் அக்கா அதையே கேட்டபோது, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு உண்மையான வருத்தத்தோடு சொன்னார். "உங்ககிட்ட எப்படிம்மா சொல்றது? நல்லா இருக்கிறவங்களுக்குன்னு ஒரு ஏற்பாடு இருக்குன்னு சொன்னா, உங்களுக்கு வயிறு எரியாதா? மனசு வரல."

மாத்திரை படிப்படியாகப் பழைய அளவுக்கு இறங்கியது. தம்பியின் நாக்கிலிருந்து பஞ்சு போயிற்று. மேலாளர் வந்தபோது தொண்டை இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. டைம் கீப்பர்தான் பக்கத்தில் நின்று, "இன்னும் ரெண்டு வாரம் பாருங்க சார்" என்று மன்றாடினார். இரண்டு வாரத்தில் குரல் குளித்து வெளியே வந்தது. மெஷின் வேறு ஊருக்குப் போயிற்று. ஒரு குடிகாரனைத் தான் எப்படித் திருத்தினேன் என்பதை டைம் கீப்பர் இன்றைக்கும் புதிதாக வரும் ஓட்டுநர்களிடம் சொல்வார். வாழ்நாளில் ஒரு சொட்டும் தொடாத தம்பி தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வான். அக்காவின் பேரில் போட்ட சீட்டை மட்டும் டாக்டர் கிழிக்கவில்லை. "அது இருக்கட்டும்மா" என்றுவிட்டார்.

இப்போது தம்பி சாயங்காலத்தில் தானே போய் மாத்திரை வாங்கிக்கொள்கிறான். போகிற வேலை கால் மணி நேரம்கூட இல்லை. அக்காவுக்குச் செவ்வாய்க்கிழமை இல்லாமல் போயிற்று. தையல் மெஷினில் உட்காருவாள், துணி ஓடும், மனம் பெஞ்சில் இருக்கும். சாவி செய்கிறவரின் மனைவி ஒருநாள் வீடு தேடி வந்தாள்.

"என் பையனும் இப்பத் தேவலைக்கா. அவனுக்கும் மூணு மாசம் சேர்த்து வாங்கணும். டாக்டர்கிட்ட என்னன்னு சொல்லணும்?"

"நல்லா இருக்கான்னு சொல்லணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றாள் அக்கா. சொல்லும்போதே அது எவ்வளவு சப்பென்று இருக்கிறது என்று பட்டது.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை, ஒரு விடுதிக்குத் திரைச்சீலைகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் பேருந்து நிலையத்துக்குள் போய் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் தம்பி பேசி அவள் அங்கே கேட்டதே இல்லை. அவன் பேசும் நேரத்தில் எல்லாம் அவள் அவன் பேசாததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே ஒலிபெருக்கி கொரகொரத்தது. பயணிகளின் கவனத்திற்கு என்று தொடங்கி, ஒரு தடவை சொல்லி, இரண்டாவது தடவை மெதுவாகச் சொன்னது. ஒரு கிழவர் பெட்டியோடு ஓடிவந்து வண்டியைப் பிடித்தார்.

அக்காவுக்குக் கண்ணீர் வந்தது. யாரும் கேட்காமல், யாருக்கும் காட்டாமல், தானாக வந்தது. கைக்குட்டையால் துடைத்தாள். அது வழக்கம்போல் உறிஞ்சாமல் முகமெல்லாம் பரப்பிவிட்டது.

பக்கத்தில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். "ஏங்க அழறீங்க? பஸ்ஸை விட்டுட்டீங்களா?"

"இல்ல. என் தம்பி நல்லா இருக்கான்."

அந்தப் பெண் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தன் பையை எடுத்து மறுபக்கம் வைத்துக்கொண்டாள். பிறகு, குழந்தையிடம் பேசுகிற குரலில், "பஸ்ஸை விட்டுட்டீங்க, அதானே?" என்றாள்.

அக்கா ஒலிபெருக்கியைப் பார்த்தாள். "ஆமா" என்றாள். "விட்டுட்டேன்."

"அட, அதுக்கா இப்படி?" என்று அந்தப் பெண் நிம்மதியாகச் சிரித்தாள். "அடுத்தது வரும். அதோ அவர் சொல்லுவாரு, கேட்டுட்டு ஏறிக்கோங்க."